பச்சைத் திரையில் கனகம் இல்லை

மண்ணூர் பஸ் நிறுத்தத்தில் கனகக்கா என்னை "டேய் இனியா" என்றுதான் கூப்பிடுவார். ஒரகடத்தில் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் நான் "சார்" ஆகிவிடுவேன்.

"இன்னாக்கா, பஸ்ல காதப் புடிச்சுத் திருகினீங்க. இங்க வந்தா சார்ன்றீங்க."

"அங்க நீ தாவீது புள்ள. இங்க நீ பட்டதாரி. கழுத்துல நீலக் கயிறு மாட்டிகினுகீற. எனக்கு மஞ்சக் கயிறு."

நிரந்தர ஊழியர்களின் அடையாள அட்டை நீலக் கயிற்றில் தொங்கும், காண்ட்ராக்ட் ஆட்களுடையது மஞ்சளில். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். "வூட்டுக்காரன் கட்டினது ஒரு மஞ்சக் கயிறு, கம்பெனி கட்டினது ஒரு மஞ்சக் கயிறு. ரெண்டுலயும் லீவு கெடையாது."

பிள்ளைப்பாக்கத்தில் பிறந்தவர் கனகக்கா. அவர் அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. எட்டாவதோடு பள்ளியை நிறுத்திவிட்டு மண்ணூருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். முதுகு போனபிறகு ஒரு குடோனில் வாட்ச்மேன். அக்கா முதலில் ஒரு ஷூ கம்பெனியில் பசை பூசினார். அந்த நெடியில் சோறு இறங்கவில்லை என்று வேறொரு கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போனார். அங்கே அந்த உற்பத்தி லைனையே எடுத்துவிட்டார்கள். அப்புறம் காண்ட்ராக்ட்காரர் மூலமாக எங்கள் கம்பெனிக்கு ஹவுஸ்கீப்பிங். கார்களுக்குப் போகும் இரும்புப் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற கம்பெனி எங்களுடையது. மூத்த மகள் ஐஸ்வர்யா காஞ்சிபுரத்தில் நர்சிங் படிக்கிறாள். சின்னவள் பத்தாவது. "ரெண்டும் ஏசில உக்கார்ற வேலைக்குப் போவணும். நான் இந்த அடுப்புக்குள்ள போய் வந்துகினு கீறது அதுக்குத்தான்" என்பார்.

அடுப்பு என்று அவர் சொல்வது பெயிண்ட் ஷாப்பில் இருக்கும் ஓவனை. பெயரைக் கேட்டு கேக் சுடும் பெட்டி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ரயில் பெட்டியைவிட நீளமான இரும்புச் சுரங்கம் அது. பெயிண்ட் அடித்த பாகங்கள் சங்கிலியில் தொங்கிக்கொண்டே அதற்குள் போய், வெந்து, மறுமுனையில் வெளியே வரும். கேஸ் பர்னரில் எரிகிறது. உள்ளே ஒரு தூசு இருந்தாலும் பெயிண்டில் கொப்புளம் வந்துவிடும் என்பதால் லைன் நிற்கும் நாட்களில் பெண்கள் உள்ளே போய்ச் சுவரை எல்லாம் துணியால் ஒற்றி எடுப்பார்கள். போவதற்கு ஒரு சின்னக் கதவு. கதவை ஒட்டி ஒரு கார்டு கருவி. உள்ளே போகும்போது அட்டையை அதில் வைக்க வேண்டும், வெளியே வரும்போதும் வைக்க வேண்டும். கண்ட்ரோல் பேனலுக்கு மேலே ஒரு திரை. யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்கள் பெயர் அதில் இருக்கும். எல்லோரும் வந்துவிட்டால் திரை பச்சையாகி, "உள்ளே யாரும் இல்லை" என்று வரும். அதைப் பார்த்த பிறகுதான் பர்னரைக் கொளுத்தலாம்.

திரை போதாது என்று பூட்டும் உண்டு. உள்ளே போகிற ஒவ்வொருவரும் பேனலின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். அந்தப் பூட்டு தொங்கும்வரை யார் நினைத்தாலும் ஓவன் ஓடாது.

அந்தத் திரையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் தெருவில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். முதல் பட்டதாரி சான்றிதழுக்காக அப்பாவும் நானும் தாலுகா ஆபீசுக்கு அலைந்ததை இன்றைக்கும் பெருமையாகவே சொல்வேன். பிஎஸ்சி கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஐ.டி. பிரிவில் சேர்ந்தபோது, கேட்டில் நின்ற செக்யூரிட்டியிடம் கனகக்காதான் சொன்னார்: "எங்க ஊரு புள்ள. கம்ப்யூட்டரு. ஒழுங்கா சல்யூட் வைய்யி."

அது நடந்தது ஆயுத பூஜை கொண்டாடிய நாளில்.

ஆயுத பூஜை என்றால் எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் உற்பத்தி கிடையாது. காலையிலிருந்து கழுவல், துடைப்பு. லேத் மெஷின், ஃபோர்க்லிஃப்ட், ஸ்பானர், கேன்டீன் இட்லிப் பானை, எதுவும் தப்பாது. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மதியம் பூஜை. பூஜை முடிந்ததும் நல்ல நேரத்தில் ஒவ்வொரு மெஷினையும் ஒரு முறை ஓட்டிக் காட்டி நிறுத்திவிட்டு, பொரியும் ஸ்வீட் பாக்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

பூசணிக்காய் வாங்கி வர என்னை அனுப்பியிருந்தார்கள். "சர்ச்சுக்குப் போற புள்ளைய பூசணிக்கா வாங்க அனுப்புறானுங்களே" என்று கனகக்கா கேட்டருகே நின்று சிரித்தார். கையில் துடைக்கும் துணி மூட்டை. தலையில் அன்றைக்கென்று கனகாம்பரம். "பெரிய காயா பாத்து வாங்குடா. போன வருசம் ஒடைக்கசொல்லோ பந்து மாதிரி உருண்டு போச்சி."

"நீங்க எங்கக்கா இன்னிக்கு?"

"வேற எங்க? அடுப்புதான். மத்தியானத்துக்குள்ள முடிச்சிடணும்னு கோதண்டம் சார் நிக்கிறாரு, குதிக்கிறாரு."

கோதண்டம் பெயிண்ட் ஷாப் சூப்பர்வைசர்.

நான் திரும்பி வந்தபோது எங்கள் சர்வர் அறையே ஊதுவத்தி மணத்தில் இருந்தது. என்னோடு வேலை பார்க்கும் வசந்தகுமார் சர்வர் பெட்டிக்கு மூன்று பட்டை சந்தனம் இட்டு, நடுவில் குங்குமம் வைத்து, மேலே ஒரு எலுமிச்சம்பழத்தையும் உட்கார வைத்திருந்தான்.

"எப்படிடா கீது? மாப்ள மாதிரி இல்ல?"

"ஓடிட்டு இருக்கும்போதே தொடச்சியா?"

"சேச்சே. ஆஃப் பண்ணிட்டுத்தான். எல்லா மெஷினும் நிறுத்தித் தொடைக்கிறாங்க, இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? தொடச்சி, பொட்டு வெச்சி, திரும்ப ஆன் பண்ணியாச்சு. பேஜ் எல்லாம் வருது, பாத்துட்டேன்."

நான் சேர்ந்ததிலிருந்து அந்தப் பெட்டியை யாரும் அணைத்ததில்லை. ஓவன் திரை உட்பட, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று காட்டும் பக்கங்கள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. ஆனால் அவன் சொன்னது சரிதான். பக்கங்கள் வந்தன. பச்சையாக, அழகாக வந்தன.

பூஜைக்குப் போகலாம் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது இன்டர்காம் அடித்தது. ஹெச்.ஆரில் இருக்கும் கவிப்பிரியா.

"இனியன், ஒரு டவுட். நான் உயிரோடதான் இருக்கேனா?"

"இன்னா சொல்ற?"

"ஸ்வீட் பாக்ஸ் எத்தன பேருக்கு எடுக்கணும்னு உங்க பேஜைத் தொறந்து பாத்தேன். பிளான்ட்டுக்குள்ள மொத்தம் பூஜ்யம்னு காட்டுது. அப்ப நான் யாரு, பேயா? ஒரு பாக்ஸ்கூட வேணாமா?"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பக்கத்தைத் திறந்தேன். பச்சைப் பட்டை. உள்ளே இருப்பவர்: பூஜ்யம். மெஷின் ஷாப் பூஜ்யம். கேன்டீன் பூஜ்யம். ஜன்னலுக்கு வெளியே நூற்றுக்கணக்கில் ஆட்கள் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கார்டு வைத்தவர்களின் பெயர்கள் எல்லாம் போய்ச் சேருகிற கிடங்குதான் டேட்டாபேஸ். திரையில் தெரிகிற பக்கத்தை ஓட்டுவது ஒரு ஸ்கிரிப்ட், சின்ன நிரல். அது தானாக எதையும் அறியாது. கிடங்குக்குப் போய், "உள்ளே யார் யார்?" என்று கேட்கும். கிடங்கு கொடுக்கிற பெயர்களை எண்ணித் திரையில் போடும். கிடங்கின் கதவே மூடியிருந்தால்? "எனக்குத் தெரியவில்லை" என்று அது சொல்ல வேண்டும். எங்கள் ஸ்கிரிப்ட் அப்படிச் சொல்லாது. அதை எழுதிய ராஜசேகர் வேறு வேலைக்கு எப்போதோ போய்விட்டார். ஆடிட்டர்கள் வரும்போது திரையில் சிவப்பு எழுத்தில் எந்தப் பிழையும் தெரியக்கூடாது என்று மேலே சொன்னார்களாம். அவரும் பிழைகளை எல்லாம் வாயைக் கட்டி வைத்துவிட்டார். பதில் வரவில்லையென்றால் பெயர் இல்லை, பெயர் இல்லையென்றால் பூஜ்யம், பூஜ்யம் என்றால் பச்சை.

உறுதியாகத் தெரிந்தாக வேண்டும். புதிதாக ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். டேட்டாபேஸோடு சேர முயற்சி செய், சேர்ந்தால் சேர்ந்தது என்று சொல், இல்லையென்றால் ஏன் என்று வாயைத் திறந்து சொல். அவ்வளவுதான். அடைப்புக்குறியை மூட மறந்து, திருத்தி, மறுபடி ஏற்றினேன்.

இணைப்பு மறுக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது.

வசந்தகுமார் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "நான் ஆன் பண்ணேனேடா!"

"பெட்டிய ஆன் பண்ண. பேஜ் காட்டுற சர்வீஸ் தானா எழுந்துக்கும். டேட்டாபேஸ் எழுந்துக்காது போலடா. கையாலதான் எழுப்பணும்."

"சரி, இப்ப எழுப்பிடு. ஒரு கிளிக்தானே?"

கை மவுஸுக்குப் போயும்விட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது எழுப்பினாலும், அது தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கார்டு வைத்தவர்களை அதற்குத் தெரியாது. அந்தப் பெயர்கள் எங்கும் போய்ச் சேரவில்லை. கதவருகே உள்ள கருவி மட்டும் எப்போதும் போல "பீப்" என்று சொல்லியிருக்கும். எழுப்பிய பிறகும் ஓவன் திரை பச்சையாகத்தான் இருக்கும். அந்தப் பச்சையை நானே நம்பிவிடுவேன்.

பெயிண்ட் ஷாப்புக்கு இன்டர்காம் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. செல்போன்கள் அங்கே அனுமதி இல்லை, எல்லாம் லாக்கரில். பூஜை மணிச் சத்தத்தில் யார் காதில் விழும்?

"வசந்த், பெயின்ட் ஷாப்ல பூஜை ஆரம்பிச்சுட்டாங்களா?"

"அங்கதான் மொதல்ல. ஜி.எம். போயிட்டாரு. எமகண்டம் வர்றதுக்குள்ள ஓவன ஒரு தடவ கொளுத்திடணும்னு கோதண்டம் சார் காலைலேர்ந்து சொல்லிகினு இருந்தாரே."

"பூட்டு இருக்குமில்ல? உள்ள ஆளிருந்தா பூட்டு தொங்குமில்ல?"

வசந்தகுமார் கதவுப் பக்கம் திரும்பினான். "பூட்டெல்லாம் பூஜைல கீதுடா. ஸ்பானரோட சேர்த்துத் தட்டுல வெச்சி, எல்லாத்துக்கும் பொட்டு வெச்சி, கம்பெனி கேமராவுல நான் போட்டோ கூட எடுத்தேன்."

ஓடினேன்.

அலுவலகக் கட்டடத்துக்கும் பெயிண்ட் ஷாப்புக்கும் நடுவில் பெரிய முற்றம். கழுவிவிட்ட தண்ணீர் எங்கும் நின்றது. செருப்பு வழுக்கியது. ஃபோர்க்லிஃப்டுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தவர்கள், "இன்னா சார், பொரி தீந்துடும்னு பயமா?" என்று கத்தினார்கள். உள்ளே ஒருத்தரும் இல்லாமலும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானத்துக்குள் முடித்துவிடுவேன் என்று கனகக்கா சொன்னாரே. முடித்திருப்பார். முகம் கழுவி, பவுடர் போட்டு, மற்றப் பெண்களோடு வரிசையில் நிற்பார். என்னைப் பார்த்து, "இன்னாடா நாய் தொரத்துச்சா" என்பார்.

பெயிண்ட் ஷாப்புக்குள் நேராக நுழைய முடியாது. வாசலில் ஏர் ஷவர் என்று ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே போனால் பின்கதவு பூட்டிக்கொள்ளும், நாலாபக்கமும் காற்று அடித்து உடம்புத் தூசை ஊதித் தள்ளும், காற்று நின்ற பிறகுதான் முன்கதவு திறக்கும். தினமும் அதில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுதான். அன்றைக்கு அந்தக் காற்று நிற்கவே இல்லை. கண்ணாடியைக் கையால் அடித்தேன். மறுபக்கம் எனக்கு எல்லாம் தெரிந்தது. சாமி படம், வாழைக்கன்று, கற்பூரத் தட்டு. முதுகுகளைக் காட்டிக்கொண்டு ஆட்கள். பேனலுக்கு முன்னால் ஜி.எம். நிற்கிறார், நெற்றியில் விபூதி. கோதண்டம் இரண்டு கைகளாலும் பவ்யமாகப் பச்சைப் பொத்தானைக் காட்டுகிறார். ஜி.எம். பொத்தானைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுத்தினார்.

எல்லோரும் கைதட்டினார்கள். சத்தம் எனக்குக் கேட்கவில்லை. என் காதில் காற்றுதான் இருந்தது. அது நின்றபோது இன்னொரு காற்றின் சத்தம் கேட்டது, கனமாக, தரையே அதிர. ஓவனின் ப்ளோயர், காற்றை ஊதும் பெரிய விசிறி.

ஓவன் உடனே பற்றாது. தங்கியிருக்கும் கேஸை வெளியேற்றக் கொஞ்ச நேரம் ப்ளோயர் மட்டும் ஓடும். பிறகு பர்னர் தானாகப் பற்றிக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நேரத்தில் எவ்வளவு போய்விட்டது என்று எனக்குத் தெரியாது.

"நிறுத்துங்க! சார், நிறுத்துங்க!"

முதுகுகள் எல்லாம் திரும்பின. கோதண்டம் முகத்தில் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் தெரிந்தது. ஜி.எம். முன்னால் இப்படியா?

"யோவ், இன்னா இது? கோட்டு போடாம உள்ள வந்துகினு..."

"உள்ள ஆள் இருக்கலாம் சார். ஓவன நிறுத்துங்க."

"எவன் சொன்னான்? மேல பாரு. பச்ச."

"அந்தப் பச்ச பொய் சார். டேட்டாபேஸோட சேரவே இல்ல. அதுக்கு ஒண்ணுமே தெரியாது."

ஜி.எம். நிதானமாகத்தான் கேட்டார். "சரி தம்பி. உள்ள யார் இருக்கா?"

"தெரியல சார்" என்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். "அதுக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது."

"பூஜை போட்டு ஓட்டினத உடனே நிறுத்தக்கூடாதுய்யா. அபசகுனம்" என்றார் கோதண்டம். "ஒரு நிமிசம் ஓடட்டும். எல்லாரும் வெளிய வந்தாச்சு, நானே பாத்தேன்."

நான் காண்ட்ராக்ட் பெண்கள் நின்ற வரிசையைப் பார்த்தேன். பவுடர் போட்ட முகங்கள். மல்லிகை, மல்லிகை, மல்லிகை. கனகாம்பரம் இல்லை.

"கனகக்கா எங்க?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நின்ற ஜோதி என்கிற பெண் மெதுவாகச் சொன்னாள். "உள்ளாறயும் பொட்டு வெச்சிட்டு வான்னு சார்தானே அனுப்புனாரு. குங்குமக் கிண்ணத்த எடுத்துகினு போச்சு. வந்திருக்கும்... வரலியா?"

நான் கோதண்டத்தைத் தள்ளிவிட்டுப் பேனலில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் குத்தினேன்.

ப்ளோயர் உடனே நிற்கவில்லை. ஒரு பெரிய மிருகம் மூச்சு விடுவது போல இறங்கி இறங்கித்தான் நின்றது. கற்பூரம் எரிகிற சத்தம்கூடக் கேட்டது. அதற்குள் கோதண்டம் சின்னக் கதவுக்கு ஓடிவிட்டார். இழுத்தார். வரவில்லை. ப்ளோயர் உறிஞ்சியதில் கதவு உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. நானும் சேர்ந்து இழுத்தேன். கதவு பிய்ந்துகொண்டு திறந்தது.

உள்ளே இருட்டு. ஓவன் ஓடத் தொடங்கினால் உள்விளக்கு அணைந்துவிடும்.

"கனகக்கா!"

பதில் இல்லை.

"அக்கா!"

கதவுக்குப் பக்கத்திலேயே, தரையோடு தரையாக, ஏதோ அசைந்தது. ஒரு கை வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு முகம். முகம் முழுக்கச் சிவப்பு. கழுத்து சிவப்பு. புடவையின் முன்பக்கம் எல்லாம் சிவப்பு. ஜோதி அலறிவிட்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சிவப்பு முகம் இருமியது. துப்பியது. பிறகு, "எந்தப் பாவிடா ஊதலப் போட்டது?" என்றது.

குங்குமம். ஒரு கிண்ணம் குங்குமமும் காற்றில் பறந்து அவர் மேலேயே கொட்டியிருந்தது.

அவரைத் தூக்கி நிறுத்தினோம். முழங்கை சிராய்த்திருந்தது, கனகாம்பரத்தைக் காணோம். யாரோ தண்ணீர் நீட்டினார்கள். அவர் அதை வாங்கவில்லை. தடுமாறி நடந்து கதவோரக் கருவிக்குப் போனார். மஞ்சள் கயிற்றில் தொங்கிய அட்டையை எடுத்து, குங்குமத்தைப் புடவையில் துடைத்து, கருவியில் வைத்தார். பீப். அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்தார்.

கோதண்டம் முதலில் கேட்டது இதைத்தான்: "உள்ள போகசொல்லோ கார்டு வெச்சியாம்மா?"

"வெச்சேன் சார். என் பொண்ணுங்க மேல சத்தியமா வெச்சேன். பீப்புனுச்சு சார். நான் கேட்டேன்."

அந்தக் குரலில் இருந்த பயத்தை நான் மறக்க முடியாது. சாவிலிருந்து வெளியே வந்தவர், தப்பு தன் மேல் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தார்.

"வெச்சாங்க சார்" என்றேன். "இவங்க சரியாத்தான் வெச்சாங்க. வாங்கிக்கத்தான் அந்தப் பக்கம் ஆள் இல்ல."

கோதண்டம் பூஜைத் தட்டருகே போய், பூட்டு ஒன்றை எடுத்து, சந்தனப் பொட்டோடு பேனல் சுவிட்சில் மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அந்த ஓவன் பற்றவே இல்லை. எமகண்டம் வந்து போனதை யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான். காது மடிப்புகளில் இன்னும் சிவப்பு இருந்தது. ஸ்வீட் பாக்ஸை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மண்ணூர் வரும்வரை பேசமாட்டார் என்று நினைத்தேன். பாதி வழியில் பேசினார்.

"கடைசி மூலைல கடைசிப் பொட்டு வெச்சிகினு இருந்தேன். லைட்டு போச்சு. கரண்டு கட்டுனு நெனச்சேன். அப்புறம் காத்து. அப்பா... புடவைய இழுக்குது, நிக்கவே முடியல. தவழ்ந்து தவழ்ந்து வந்தேன். கதவத் தள்றேன், அது தொறக்கல. கத்துறேன், என் சத்தம் எனக்கே கேக்கல."

"விடுங்கக்கா."

"கேளுடா. அப்ப எனக்கு ஐஸ்வர்யா நெனப்பு வரல. சின்னவ நெனப்பு வரல. கார்டு வெச்சனா, வெக்கலியா? அதான் ஓடுது மண்டைல. வெச்சிருந்தா எப்படி ஊதலப் போடுவானுங்க? அப்ப நான்தான் வெக்கல போலகீது. நான்தான் மறந்துட்டேன். என் சாவுக்கு நானே காரணம்னு... அப்படித்தான்டா நெனச்சிகினு கெடந்தேன்."

"நீங்க வெச்சீங்கக்கா" என்றேன்.

விடுமுறை நாட்கள் முழுக்க நான் கம்பெனியில்தான் இருந்தேன். முதலில் டேட்டாபேஸ் தானாக எழுந்துகொள்ளும்படி செய்தேன். பிறகு ஸ்கிரிப்டைப் பிரித்தேன். எண்ணுவதற்கு முன்னால் இணைந்திருக்கிறாயா என்று அது கேட்டாக வேண்டும். இணையவில்லையென்றால் எண்ணே வரக்கூடாது. திரை முழுக்கச் சிவப்பாகி, "தெரியாது. கொளுத்தாதே" என்று வர வேண்டும். கதவோரக் கருவியும், பெயர் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பீப் சொல்ல வேண்டும். நானே டேட்டாபேஸை நிறுத்தி நிறுத்திச் சோதித்தேன். சிவப்பு வந்தது. மறுபடி நிறுத்தினேன். மறுபடி சிவப்பு. சந்தேகம் போகாமல் திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தேன்.

லைன் திறந்த நாளில் கோதண்டம் வந்து பார்த்தார். "ஆடிட்டர் வரசொல்லோ இப்படி சிவப்பா வந்துடப் போகுதுப்பா" என்றார் பழக்கத்தில். சொல்லிவிட்டு, தானே தலையை ஆட்டிக்கொண்டார். "வரட்டும். வந்தா வரட்டும்."

ஓவனை மறுபடி துடைக்க வேண்டிய நாள் வந்தது. கனகக்காவை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி நான் காண்ட்ராக்ட்காரர் அருள்பாண்டியிடம் பேசிப் பார்த்தேன். "மாத்திடலாம் சார். ஆனா கேன்டீன் பக்கம் ஆள் ஃபுல்லு. வேணும்னா வூட்ல இருக்கச் சொல்லுங்க" என்றார். நர்சிங் படிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு அக்கா வீட்டில் இருக்க முடியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அன்று காலை என் மேசையில் இன்டர்காம் அடித்தது.

"சார், நான் கனகம் பேசுறேன்."

"சொல்லுங்கக்கா."

"கதவாண்ட நிக்கிறேன். பூட்டு மாட்டிட்டேன். சாவி இடுப்புல கீது. கார்டு வெச்சேன், பீப்புனுச்சு." குரல் தாழ்ந்தது. சார் போய்விட்டது. "டேய் இனியா. அது சேர்ந்துச்சா?"

என் திரையில் பார்த்தேன். "சேர்ந்துச்சுக்கா. உங்க பேர் இருக்கு."

"பாத்துட்டுச் சொல்றியா, சும்மா சொல்றியா?"

"பாத்துட்டுத்தான்கா சொல்றேன்."

"எனக்கு உள்ள போவ கால் வரலடா. எல்லாரும் பாக்குறாளுங்க."

"அங்கேயே நில்லுங்க. வரேன்."

முற்றத்தைத் தாண்டினேன். ஏர் ஷவரில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். இந்த முறை கோட்டு போட்டிருந்தேன். அக்கா சின்னக் கதவருகே துணி மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், அழுதுவிடுவார் போல. நான் பேனலுக்கு முன்னால் போய், பொத்தானுக்கு முதுகைக் கொடுத்து, மேலே இருந்த திரையைப் பார்த்தபடி நின்றேன். கருப்பு எழுத்தில் ஒரே ஒரு பெயர். கனகம்.

"போங்கக்கா. நான் இங்கேயே இருக்கேன்."

"பட்டதாரிக்கு வேற வேல இல்லியா?"

"இதான்கா வேல."

அவர் குனிந்து உள்ளே போனார். துணி சுவரில் உரசும் சத்தம் கேட்டது. கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டது.

"இனியா!" இரும்புக்குள்ளிருந்து குரல் வந்தது. "கீறியா?"

"இருக்கேன்கா."

"என் பேரு?"

நான் மறுபடி திரையைப் பார்த்தேன். பார்க்காமலே சொல்லியிருக்கலாம். பார்த்தேன்.

"இருக்குக்கா."

துணி மறுபடி உரச ஆரம்பித்தது.